பூனையிடம் திக்கவில்லையே!

கேள்வி: வீட்டுப் பூனையிடம் சரளமாகப் பேசுகிறேன். கடையில் பின்னால் ஆள் நின்றால் ‘தே தாரிக்’ என்று கேட்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் பயந்தாங்கொள்ளியா?
– ஒரு வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: இல்லவே இல்லை. திக்கலைப் பயம் பெற்றெடுப்பதில்லை, வளர்க்கத்தான் செய்கிறது. பேச்சை இயக்கும் மூளையின் வேலைமுறையிலும் பரம்பரையிலும் அதற்கு வேர் உண்டு. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கிவிடும்.

பூனை உங்கள் வாக்கியத்தை முடித்துவைக்காது, கடிகாரத்தையும் பார்க்காது. மனிதர்கள் இரண்டையும் செய்கிறோம். ‘திக்கிவிடுமோ’ என்ற நினைப்பில் தொண்டை இறுகும், சொல் மாட்டும், எதிரே முகம் சுளிக்கும். அடுத்த முறை பயம் நமக்கு முன்பே கடைக்குப் போய் நிற்கும். ‘தே’ வராது என்று பிடிக்காத கோப்பியைக் குடிப்பவர்களும் உண்டு! அந்த ஒளிவுதான் திக்கலைவிடக் கொடுமை.

உங்கள் ஊருக்குப் பெயர் தந்த மூன்றாம் ஜார்ஜின் வம்சத்தில் வந்த பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும் திக்கல்தான். 1925-இல் வெம்பிளிப் பொருட்காட்சியில் பேசத் தவித்தவர், மறு ஆண்டு லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1939 செப்டம்பர் 3 அன்று, லோக் அருகில் நிற்க, போர்ச் செய்தியை வானொலியில் நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தார். திக்கல் போய்விடவில்லை, அவர் பேசினார்.

நீங்களும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைப் பாருங்கள். கடையில், “எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கண்ணே” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைக்கும் பாரம் குறையும். கடைக்கார அண்ணன்மாரே, அவர் சொல்லி முடிக்கும்வரை ‘கோப்பியா?’ என்று கேட்காதீர்கள்.