தோற்ற பிறகு ஜெயித்தவர்

கேள்வி: அணு உலை வேண்டுமா என்று மக்களிடமே கேட்டு, ‘வேண்டாம்’ என்ற பதிலை வாங்கிக்கொண்ட ஆட்சியாளர் பதவியில் நீடிக்கலாமா?

பதில்: தீர்ப்புக்குத் தலைவணங்கினால் தாராளமாக நீடிக்கலாம். ஆஸ்திரியாவைப் பாருங்கள். டான்யூப் கரையில் ஸ்வென்டன்டார்ஃப் அணுமின் நிலையம் கட்டி முடிந்து, சுவிட்சைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. 1978 நவம்பர் 5 வாக்கெடுப்பில் 50.47 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். வித்தியாசம் 30,000 ஓட்டுகூட இல்லை. தோற்றால் விலகக்கூடும் என்று கோடி காட்டியிருந்த சான்சலர் புருனோ கிரைஸ்கி விலகவில்லை. ஆனால் உலையைத் திறக்கவும் இல்லை. டிசம்பரிலேயே தடைச் சட்டம் வந்தது. 1979 மே தேர்தலில் அவர் கட்சிக்கு 183 இடங்களில் 95! அணு உலையை மறுத்த கையாலேயே அவரை அரியணையில் ஏற்றினார்கள் மக்கள்.

‘அரை சதவீதத்துக்காகப் பல நூறு கோடி ஷில்லிங்கை முடக்குவதா?’ என்று கேட்பார்கள். ஒரே ஓட்டில் ஜெயித்தவரையும் எம்.எல்.ஏ. என்றுதானே அழைக்கிறோம்? ‘அதற்குப் பதிலாக நிலக்கரியைத்தானே எரித்தார்கள்?’ என்ற ஆட்சேபம் நியாயமானது. பக்கத்திலேயே ட்யூர்ன்ரோரில் அனல்மின் நிலையம் எழுந்தது. அதன் புகைக்கும் விலை உண்டு. ஆனால் எந்த விலையைக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் உரிமை, அதைக் கொடுக்கப்போகிறவர்களுடையது. எரியாத அந்த உலை இன்று பொறியாளர்களுக்குப் பயிற்சிக்கூடம். கதிர்வீச்சு இல்லாததால் உள்ளே வரை நடந்துபோய்ப் பார்க்கலாம். 1999இல் அணுவற்ற ஆஸ்திரியா அரசியல் சட்டத்திலேயே ஏறியது. மக்களிடம் கேட்டால், பதிலையும் கேட்க வேண்டும்.