டேலியாவின் அடியில் கிழங்கு உண்டா?: ஒரு பிரமாண விசாரணை

குழந்தைகளைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்வோர் அனைவரும் அவர்களுக்குத் தாவர ஞானம் உண்டாகட்டும் என்ற சங்கல்பத்துடனேயே புறப்படுகிறார்கள் என்பதும், திரும்பும்போது சுட்ட சோளக்கதிரின் விலை ஒன்றே இருதரப்பாருக்கும் நினைவில் நிற்கிறது என்பதும் அனுபவ சித்தம். இவ்விரண்டுக்கும் நடுவே நிகழ்வது யாது என்பதைச் சாஸ்திர முறைப்படி விசாரிக்கும் பொருட்டு, பள்ளங்கியிலுள்ள உறவுக்காரப் பிள்ளைகள் நால்வரை மே மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிற்கு அழைத்துச் சென்றேன்.

ஆய்வுக்களத்தைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். ஏரிக்குக் கிழக்கே 20.5 ஏக்கரில் பரந்துள்ள இப்பூங்காவை 1908-இல் அமைத்தவர் பிரையண்ட் என்னும் வன அதிகாரி. உள்ளே ரோஜாக்கள் உண்டு. கண்ணாடி மாளிகை உண்டு. 1857-இல் நட்டதாகச் சொல்லப்படும் தைலமரம் ஒன்றும் உண்டு. ஆகவே பூங்காவைவிட மரம் அரை நூற்றாண்டு மூத்தது. இந்த நுட்பத்தை நான் விளக்கி முடித்தபோது பிள்ளைகள் நால்வரும் குழாயடியில் இருந்தார்கள்.

பள்ளங்கிப் பிள்ளைகள் சாமானியர் அல்லர். கேரட்டும் பீன்சும் உருளைக்கிழங்கும் படிப்படியாக இறங்கும் மலைச்சரிவில் பிறந்து, பள்ளிவிட்டு வந்ததும் திண்ணையில் அமர்ந்து பூண்டு ஆய்கிறவர்கள். சமவெளிக் குழந்தை மலரைக் கண்டால் அழகு என்னும்; இவர்கள் கேட்ட முதற் கேள்வி, "மாமா, இதெல்லாம் எந்தச் சந்தைக்குப் போகுது?" என்பது. பூண்டு என்றால் வடுகபட்டி, காய்கறி என்றால் ஒட்டன்சத்திரம் என்று வளர்ந்தவர்களிடம், எங்கும் போகாமல் பாத்தியிலேயே நின்று வாடி உதிர்வதற்காகவே சர்க்கார் செலவில் நீர் பாய்ச்சப்படும் பயிரும் உலகில் உண்டு என்று நிலைநாட்ட எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது. அடுத்த கேள்வி: "காட்டுமாடு இதைத் தின்னுமா?"

இவ்விரு வினாக்களுக்குள் ஒரு முழு வகைப்பாட்டு நூலே அடங்கியிருப்பதை அறிஞர் கவனிக்க. வெளிவயிரம் உள்ளது புல், உள்வயிரம் உள்ளது மரம் என்று தொல்காப்பியர் வகுத்தார். அவ்விதிப்படி பனையும் தென்னையும் புல்லாகிவிடுகின்றன. சுவீடன் தேசத்து லின்னேயஸ் பூவின் மகரந்தக் கேசரங்களை எண்ணி வகுத்தார். சந்தைக்குப் போவது, காட்டுமாடு தின்பது, இரண்டும் அல்லாதது என்னும் பள்ளங்கிப் பாகுபாடு இவற்றுக்கு எவ்வகையில் தாழ்ந்தது என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. (சில வருஷங்களில் முதலிரண்டு வகைகளும் ஒன்றாகிவிடுகின்றன என்பது வேறு விஷயம்.)

இனி விசாரணையின் உயிர்நிலை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் செந்நிறப் பூ விரித்து நின்ற டேலியாவின் முன், நால்வரில் இளையவன் குத்துக்காலிட்டு அமர்ந்தான். பூவை அவன் பார்க்கவில்லை. தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தையே உற்று நோக்கிவிட்டு, "இதுக்கடியிலே கிழங்கு இருக்கு மாமா" என்றான்.

நான் சிரித்தேன். பெயர்ப்பலகையாகிய சப்தப் பிரமாணத்தில் கிழங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவன், தண்டின் பருமனையும் அதன் அடியில் மண் வெடித்திருந்த விதத்தையும் காட்டி, புகை கண்டவிடத்து நெருப்பை அனுமானிக்கும் தார்க்கிகனைப்போல வாதாடினான். பக்கத்துப் பாத்தியில் பட்டுப்போன செடிகளைத் தோண்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் இதைக் கேட்டு, "பையன் சொல்றதுதாங்க சரி" என்று சொல்லி ஒன்றைக் கிளறித் தூக்கினார். சேறு படிந்த விரல்கள்போல ஏழெட்டுக் கிழங்குகள் தொங்கின. பிரத்தியட்சத்துக்கு மேல் பிரமாணம் ஏது?

பின்னர் நூல்களைப் புரட்டியபோது என் லஜ்ஜை இரட்டித்தது. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த இச்செடிக்கு, லின்னேயஸின் மாணாக்கரான ஆந்தர்ஸ் தால் என்பவரின் ஞாபகார்த்தமாக 1791-இல் பெயரிட்டவர் மாட்ரிட் நகரத்துக் கவனில்லெஸ். அந்நாளில் ஐரோப்பியர் இதன் கிழங்கு உருளைக்கிழங்கைப்போல் உணவாகுமா என்று பரீட்சித்து, ருசி போதாமையால் கைவிட்டுப் பூவோடு திருப்தியடைந்தார்கள். அக்கண்டத்துப் பண்டிதர் எழுப்பிய வினாவையே, முறிந்த கிழங்கொன்றை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தபடி அவனும் எழுப்பினான்: "வேகுமா?"

தோட்டக்காரர் அந்த முறிந்த துண்டை அவனுக்கே கொடுத்துவிட்டார். பூண்டுப் பாத்தியின் ஓரத்தில் நடுவதாக அவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினான். மறுவாரம் பள்ளங்கிக்குப் போனபோது செடி எங்கே என்று கேட்டேன். துவைப்பதற்குச் சட்டையை உதறிய அவன் தாயார், உள்ளேயிருந்து விழுந்ததைச் சிறுகிழங்கென்று எண்ணிக் குழம்பில் போட்டுவிட்டாராம்.

"வெந்துச்சு மாமா, உப்புத்தான் பிடிக்கலை" என்றான்.