மஞ்சளுக்கு அஞ்சாத மேடை

சமையலறை மேடைக்குக் கல் எடுக்கப் போவதை அக்கம்பக்கத்தில் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. பெண் பார்க்கப் போகிறோம் என்றால்கூட இத்தனை யோசனை வராது. கறுப்பு எடுத்தால் இருட்டடிக்குமாம். வெள்ளை எடுத்தால் அழுக்குத் தாங்காதாம். சரி, சாம்பல் நிறம் என்றால், “விறகடுப்பு காலத்துல பார்க்காத சாம்பலா?” என்று அம்மா முடித்து வைத்தாள்.

என் மனைவி போட்ட நிபந்தனை ஒன்றுதான். “ஏங்க, பத்து வருஷம் கழிச்சும் பழைய மாடலாத் தெரியக் கூடாது.” கல்லுக்கு வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். அவ்வளவு காலம் மண்ணுக்கடியில் பொறுமையாகக் கிடந்தது, மதுரையில் ஒரு சமையலறைக்கு வந்து பத்தே வருஷத்தில் பழைய மாடலாகிவிடும் என்றால் அதற்கு எப்படி இருக்கும்!

அவள் பயத்திலும் நியாயம் உண்டு. கேஸ் அடுப்பு வந்து அம்மா எழுந்து நின்று சமைக்க ஆரம்பித்தபோது எங்கள் வீட்டு மேடை சிவப்பு ஆக்சைடு. பிறகு மொசைக். அதற்குப் பிறகு கடப்பா கல். ஆந்திராவின் கடப்பா பக்கத்துச் சுண்ணாம்புக் கல் அது. புளி சிந்தினால் அந்த இடம் வெளுத்துவிடும். அம்மா எண்ணெய் தொட்டுத் துடைத்து அதைக் கறுப்பாகவே காட்டி வந்தாள். கிரானைட் வந்ததும் கடப்பா கொல்லைப்புறத்துக்குப் போய்த் துவைக்கிற கல்லாயிற்று. போன மாதம் கட்டடக்கலை படிக்கிற அக்கா மகள் வந்தாள். கொல்லையில் நின்று, “மாமா, கடப்பாதான் இப்ப டிரெண்டு!” என்று அந்தக் கல்லைப் பல கோணங்களில் படம் பிடித்தாள். “அம்மாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.” அம்மா ஊறவைத்த துணியோடு தள்ளி நின்றாள்.

பைபாஸ் ஓரத்துக் கல் கடையில் பலகைகளைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். கடைப் பையன் ஒரு குவளைத் தண்ணீரை விசிறி அடிப்பான். தூசி படிந்த கல் சட்டென்று முகம் காட்டும். ‘பிளாக் கேலக்ஸி’ அப்படித்தான் காட்டியது: கறுப்புக்குள் பொன் பொடி. ஒங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் எடுப்பது. அந்த மினுமினுப்பு பிரான்சைட் என்ற கனிமம். புவியியல் படித்தவரைக் கேட்டால் இது கிரானைட்டே இல்லை, கேப்ரோ வகை என்பார். கடையில் அதைச் சொன்னால் விலை குறையுமா என்றால், குறையாது.

அடுத்து ஒரு வெள்ளைப் பலகை, அதில் கருஞ்சிவப்பாகக் கார்னெட் புள்ளிகள். “காஷ்மீர் ஒயிட் சார்,” என்றான் பையன், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

“காஷ்மீர்ல இருந்தா வருது?” என்றேன்.

“இல்ல சார். மேலூர்.”

அம்மாவின் பிறந்த வீடு மேலூர். “எங்க ஊர்க் கல்லுக்கா இந்த விலை?” என்றாள். விலைக்குக் காரணமாக, 2012-இல் மதுரை மாவட்டத்துக் குவாரிகளுக்குப் பூட்டு விழுந்ததைப் பையன் விளக்கப் பார்த்தான். பிறந்த வீட்டுப் பொருளுக்குக் காசு கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் கல் எண்ணெயை வேறு உறிஞ்சும் என்று கேள்விப்பட்டிருந்ததால் நானும் வற்புறுத்தவில்லை.

பார்த்தவுடன் மனைவியின் கண் நின்றது வெள்ளை குவார்ட்ஸில். சினிமாவில் வரும் வீடுகளின் வெள்ளை. அது மலையை அறுத்து எடுத்ததல்ல. குவார்ட்ஸ் பொடியை ரெசின் விட்டுக் கெட்டியாக்கிய ஆலைச் சரக்கு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கல்தான், ஆனால் ஆபத்து அந்த மிச்சப் பத்தில் இருக்கிறது. “சூடான பாத்திரத்தை நேரா வைக்காதீங்கம்மா, பிரிமணை வைங்க,” என்றான். அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கொதிக்கிற குழம்பை இறக்குகிறவள் கையில் சட்டி, இடுப்பில் பேரன். பிரிமணையை எந்தக் கையால் எடுப்பாள்?

நான் பையிலிருந்து மஞ்சள்தூள் பொட்டலத்தை எடுத்தேன். பையன் ஓரடி பின்வாங்கினான். என் கட்சி இதுதான்: நம் ஊரில் மேடையின் அழகுக்கு நீதிபதி கண் அல்ல, மஞ்சள். குழைத்துத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தால் தெரிந்துவிடும், எந்தக் கல் எத்தனை வருஷம் நிற்கும் என்று. மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும் என்பது உண்மைதான். வேட்டியைக் கொடியில் போடலாம், மேடையை? இன்னொரு சோதனை, தின்னர் நனைத்த துணி. கறுப்புக் கல்லில் தேய்த்தால் சாயம் பூசிய கல் துணியில் ஒப்புக்கொண்டுவிடும்.

கடைசியில் எடுத்தது மஞ்சளுக்கு அஞ்சாத பிளாக் கேலக்ஸிதான். அழுக்கையும் அது ஒரு நட்சத்திரமாக்கிக் கொள்கிறது. உயரம் பற்றி மட்டும் மேஸ்திரியோடு தகராறு. “எல்லா வீட்டுக்கும் 34 இன்ச்தான் சார்.” என் மனைவி ஐந்தடிக்கும் சற்றுக் குறைவு. அவளைச் சப்பாத்திக் கட்டையோடு நிற்க வைத்து முழங்கைக்குக் கீழே அளந்து 32-க்கு இறக்கினோம். நிறத்துக்கு ஊரே யோசனை சொன்னது, இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கல் பதித்து முடிந்தது. கல் கெட்டுவிடக் கூடாது என்று மறுவாரமே மனைவி மேலே எண்ணெய் ஒட்டாத ஸ்டிக்கர் ஷீட் வாங்கி ஒட்டினாள். வெள்ளை மார்பிள் டிசைன். வந்த விருந்தாளி ஒருவர் அதைத் தடவிப் பார்த்து, “அருமையா இருக்கே, எந்த ஊர்க் கல்லு?” என்றார்.

அம்மா யோசிக்கவே இல்லை. “காஷ்மீர்,” என்றாள்.