பாட்டிலுக்குப் பாட்டில்

ராத்திரி ஒரு பாட்டில் உள்ளே போயிற்று. காலையில் இன்னொரு பாட்டிலை டிரிப்ஸாகத் தலைக்கு மேலே தொங்கவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நம்புகிறீர்கள். அற்புதம். இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நாம் நிறையச் சாதிக்கலாம். குடிக்காதவர்களும் கவலைப்பட வேண்டாம். மூன்று முகூர்த்தம், ஒரு கிரகப்பிரவேசம், ரெண்டு ராத்திரி பஸ் பயணம் என்று அசந்துபோய் வந்திருப்பவர்களுக்கும் முறை ஒன்றேதான். செய்வதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

1. தண்ணீர் குடிக்காதீர்கள்.

சரக்கு உள்ளே போனதும், சிறுநீரகத்துக்கு ‘தண்ணியைப் பிடித்து வை’ என்று மூளை அனுப்பும் ஹார்மோன் குறைந்துவிடும். அதனால்தான் ராத்திரி நாலு தடவை எழுந்து போனீர்கள். போன தண்ணீர் திரும்பி வர ஒரே வழி வாய்தான் என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். சமையலறைப் பானை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. அதன் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். காசில்லாமல் கிடைப்பதற்கு எங்கே வீரியம் இருக்கப்போகிறது?

2. கை வைத்தியத்தைக் கலந்துகட்டி அடியுங்கள்.

இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை. உப்புப் போட்ட மோர், பழைய சோற்று நீராகாரம், இளநீர், மிளகு ரசம் என்று அம்மா நீட்டுவதிலெல்லாம் தண்ணீரும் உப்பும் இருக்கின்றன. ஏமாந்தால் தெம்பு வந்துவிடும். ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு, வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு, அதன் மேல் பச்சை முட்டை, அதன் மேல் கடுங்காப்பி. பிறகு நாலு பஜ்ஜி. எண்ணெய்தான் மிச்ச மப்பை இழுக்கும் என்று போன தடவை கூட உட்கார்ந்தவர் சொன்னாரே! கடைசியாகத் தலைவலிக்கு ரெண்டு பாராசிட்டமால். கல்லீரல் ஏற்கெனவே ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூட ஒரு வேலை கொடுத்தால் கோபித்துக்கொள்ளாது.

“ஒரு கட்டிங் போட்டா எல்லாம் தெளிஞ்சிரும் மச்சான்” என்பவர் உங்கள் உயிர் நண்பர். என்ன, டாஸ்மாக் 12 மணிக்குத்தான் திறக்கும். அதுவரை மனதைத் திடமாக வைத்திருங்கள்.

3. கணக்குப் போடாதீர்கள்.

குவார்ட்டர் என்றால் 180 மில்லி. 42.8 சதவீதம் என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கிறது. கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். அப்படியானால் ஒரு குவார்ட்டருக்கு எட்டு மணி நேரம், ஒரு ஆஃபுக்குப் பதினாறு. மோர் ஊற்றினாலும், தலைக்குத் தண்ணி ஊற்றினாலும், நரம்பு வழியே ஊற்றினாலும் அந்தக் கடிகாரம் வேகமாக ஓடாது. இதையெல்லாம் யோசித்தால் காலை ஒன்பது மணிக்கு பைக் சாவியை எடுக்கத் தயக்கம் வரும். யோசிக்காதீர்கள்.

4. டாக்டரிடம் நோயைச் சொல்லாதீர்கள், மருந்தைச் சொல்லுங்கள்.

“டாக்டர், உடம்புல சத்தே இல்ல. ரெண்டு பாட்டில் ஏத்தி விட்ருங்க.” இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள் என்று சொல்லி அனுப்பும் டாக்டருக்குக் கைராசி கிடையாது, அடுத்த தெருவுக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனை எழுதினால், காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று வெளியே வந்து நாலு பேரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. மாடிப்படி ஏறினாலே உங்கள் மனைவிக்கு மூச்சு வாங்குகிறதா? இரும்புச்சத்து அணுவளவும் இல்லாத குளுக்கோஸ் தண்ணீரை ஏற்றி அழைத்து வாருங்கள். தைராய்டு, சர்க்கரை என்று வேறு காரணங்களும் உள்ளே இருக்கலாம். அவை பாட்டுக்கு இருக்கட்டும்.

5. பாட்டிலில் ஒட்டியிருப்பதைப் படிக்காதீர்கள்.

5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், 500 மில்லி என்று போட்டிருக்கும். அதாவது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிக்கும் குறைவு. ரெண்டு இட்லி. இட்லிக்குச் சட்னி உண்டு, ஊசி கிடையாது என்பதுதான் வித்தியாசம். நார்மல் சலைன் என்றால் நாலரை கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன்கூட வராது. உங்களுக்குச் சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இருந்தால் அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். கேட்டால்தானே சொல்ல வேண்டும்?

6. மஞ்சள் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைப் பாட்டில் ஏழைக்கு. சிஸ்டர் ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசியை உள்ளே குத்தினதும் பாட்டில் மஞ்சளாகும். பக்கத்துக் கட்டில்காரர் முகம் சுருங்கும். நிறம் தருவது ரைபோஃபிளேவின். வேண்டியது போக மிச்சத்தை உடம்பு வைத்துக்கொள்ளாது. அதே மஞ்சளைச் சில மணி நேரத்தில் கழிப்பறையில் தரிசிக்கலாம். சத்து ஏறியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதை நாட்டுப்புறத்து மோகம் என்று எவனும் இளக்காரம் பண்ண முடியாது. அமெரிக்காவில் பால்டிமோர் நகர டாக்டர் ஜான் மையர்ஸ் வைட்டமினும் மெக்னீசியமும் கால்சியமும் கலந்து நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு ஆலன் கேபி என்ற டாக்டர் அதைத் தொடர்ந்து, 2002இல் கட்டுரையும் எழுதினார். அதற்குப் பெயர் ‘மையர்ஸ் காக்டெய்ல்’. காக்டெய்ல்! உங்களுக்காகவே வைத்த பெயர்.

7. தினமும் குடிப்பவர் என்றால் அந்த விஷயத்தை மறைத்துவிடுங்கள்.

வருஷக்கணக்காகச் சோறு குறைத்துச் சரக்கு கூட்டியவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். விவரம் தெரிந்தால் ஆஸ்பத்திரியில் தயமினைத்தான் முதலில் கொடுப்பார்கள். நீங்கள்தான் சொல்லப்போவதில்லையே. கண் நிலைகொள்ளாமல் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வீட்டில் யாரும் பதற மாட்டார்கள். “இன்னும் தெளியல போல” என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போவார்கள்.

8. ஊசி ஏறும்போது பெருமைப்படுங்கள்.

முதல் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் ரத்தக்குழாய் சுருங்கி ஒளிந்துகொண்டிருக்கும். “நரம்பே கிடைக்கல, நாலு இடத்துல குத்துனாங்க” என்பதை ஊருக்கே சொல்லலாம்.

9. டிரிப்ஸ் குழாயின் சக்கரத்தை நீங்களே திருகுங்கள்.

சாதாரண டிரிப்ஸ் குழாயில் 20 சொட்டு ஒரு மில்லி. ஒரு பாட்டிலுக்குப் பத்தாயிரம் சொட்டு. நாலு மணி நேரத்தில் ஏற்றுவதென்றால் நிமிஷத்துக்குச் சுமார் நாற்பது சொட்டு. யாருக்கு இருக்கிறது அவ்வளவு பொறுமை? சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் முழுசாகத் திறந்துவிடுங்கள். இதயம் பலவீனமான பெரியவரைக் கூட்டி வந்திருந்தால் அவருக்கும் இந்த உதவியைச் செய்யுங்கள். தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், அப்போது பெரிய ஆஸ்பத்திரியையும் பார்த்த மாதிரி ஆகும்.

10. படுத்திருக்கும்போது தூங்கிவிடாதீர்கள்.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். பாட்டிலில் இல்லாத சங்கதி கட்டிலில் இருக்கிறது. நம் வீடுகளில் பகலில் ஒரு பெண் கால் நீட்டிப் படுத்தால் மூன்று பேர் வந்து என்னவென்று கேட்பார்கள். கையில் டிரிப்ஸ் ஏறுகிறது என்றால் மாமியாரே ரசம் கரைத்துக் கொண்டுவருவார். ரெண்டு மணி நேரம் யாரும் காபி கேட்க மாட்டார்கள். எழுந்திருக்கும்போது வரும் தெம்பில் முக்கால்வாசி அந்த ரெண்டு மணி நேரத்துடையது. அதற்கு உடம்பில் ஓட்டை போட்டு அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. சரி, அதை விடுங்கள். நீங்கள் போனை எடுத்து, ஊசி குத்திய கையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வையுங்கள். விசாரிக்கும் ஒவ்வொருவருக்கும் உடனே பதில் போடுங்கள்.

11. மெடிக்கல் ஷாப் பொட்டலத்திடம் எச்சரிக்கை.

1971இல் வங்கதேசப் போர் அகதிகள் போங்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றுவதற்கு பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதமாக இருந்த சாவு நாலு சதவீதத்துக்குக் கீழே வந்தது. அந்தத் தண்ணீர்தான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கடையில் தொங்குகிறது. காலராவையே மடக்கிய தண்ணீர் உங்கள் மண்டையிடிக்குப் போதுமா? போதாது. வாயால் குடித்தால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு யார் பார்க்க வருவார்கள்?

12. கிளம்பும்போது கையிலுள்ள வென்ஃப்ளான் குழாயைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

பிளாஸ்திரியோடு அப்படியே வீட்டுக்கு வாருங்கள். நாளைக் காலையில் திரும்பவும் வேண்டியிருக்கும். டாஸ்மாக் கடையைப் பத்து மணிக்கு மூடிவிடுவார்கள். இப்போது மணி என்ன?