தொடர்புப் படிவத்தில் திணை மயக்கம்: ஓர் ஆராய்ச்சி

இணையதளத்தின் தொடர்புப் படிவத்தை நாடி வருவோர் உயர்திணை, அஃறிணை என இருவகைப்படுவர். முன்னது ஆள், பின்னது ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல். இரண்டும் ஒரே மாதிரி ‘வணக்கம்’ சொல்லும் என்பதே சிக்கல்.

இயந்திரம் சிந்திக்குமா என்று கணினி அறிஞர் ஆலன் டூரிங் 1950இல் கேட்டார். 1997இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறிக்காரர்கள், தங்கள் படிவத்தில் தள முகவரிகளை மூட்டை மூட்டையாகக் கொட்டிய நிரல்களால் நொந்துபோய், எழுத்துகளைக் கோணலாக்கிக் காட்டி ‘படி பார்க்கலாம்’ என்றார்கள். தத்துவம் வாயிற்காவலுக்கு வந்தது. பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் இதற்குக் கேப்சா என்று பெயரிட்டு, அந்தச் சுருக்கப் பெயரின் விரிவுக்குள் டூரிங்கையும் செருகினர். அதன் வழித்தோன்றலான ரீகேப்சா வந்தபின், கணினியால் படிக்க முடியாத பழைய நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் மங்கிய சொற்களை நாமெல்லாம் படித்துக் கொடுத்தோம். கூலி இல்லை. இப்போது படங்களில் போக்குவரத்து விளக்கு தேடுகிறோம். விளக்கைத் தாங்கும் கம்பமும் விளக்கில் அடங்குமோ? அடங்கும் என்பது ஒரு கட்சி, அடங்காது என்பது மறுகட்சி. இரு கட்சியாரையும் படிவம் திருப்பி அனுப்பியிருக்கிறது.

இவற்றினும் நுட்பமானது ‘ஹனிபாட்’. படிவத்தில் ஒரு கட்டத்தை வைத்து, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கொண்டு அதை மறைத்துவிடுவது. ஆளின் கண்ணுக்கு அது தெரியாது, எனவே நிரப்பமாட்டார். பாட் பக்கத்தின் மூல நிரலைப் படிப்பதால், அதையும் கடமை தவறாமல் நிரப்பும். நிரப்பியது குப்பைக்குப் போகும். அடுத்து, காலம். பக்கம் திறந்த இரண்டு மூன்று வினாடிக்குள் பெயர், மின்னஞ்சல், குறைகள் அனைத்தையும் எழுதி முடித்தது ஆளாக இருக்க முடியாது.

இவ்விரண்டாலும் பெறப்படுவது: மெதுவாக எழுதி, கட்டத்தைக் காலியாக விடுவது உயர்திணை, முழுமையாக, விரைவாகச் செய்து முடிப்பது அஃறிணை. அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தவர்க்கு இதில் வியப்பில்லை.

புறனடை ஒன்றுண்டு. உலாவியின் தானாக நிரப்பும் வசதி மறைகட்டத்தையும் நிரப்பிவிட்டால், நல்ல மனிதரும் அஃறிணையாவார். சில வகையாக மறைத்தால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தக் கட்டத்தை உரக்கப் படித்துக் காட்டிவிடும். ஆகவே ‘இதைக் காலியாக விடவும்’ என்று அதில் எழுதிவைப்பது அறம். கோணல் எழுத்தோ பார்வையற்றோரை வாசலிலேயே நிறுத்திவிடும். அதைக் கைவிடுக.

கூலிக்கு அமர்ந்து, ‘உங்கள் தளத்தைக் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்’ என்று ஒவ்வொரு படிவத்திலும் கையால் தட்டச்சிடுவோரைத் தடுக்க மேற்கண்ட எந்த விதிக்கும் வலுவில்லை. அவர்களும் ஆள்தான்.