இடது பக்கம் ஒடிச்சா ஊமை

வாலே பேராண்டி, வா. முந்தியெல்லாம் நீ கம்மாக்கரை முக்குத் திரும்பும்போதே உன் வண்டிப் பாட்டு முன்னால வந்து என் கட்டில்ல உக்காந்துரும். இன்னைக்குப் பாதிப் பாட்டுதான் வந்து சேந்துது. மீதியை எந்த முள்ளுக்காட்டுல சிந்திட்டு வந்த?

உங்க ஆச்சி எல்லாம் சொல்லிட்டா. சத்தம் போய்ட்டுப் போய்ட்டு வருதுன்னு மொதல்ல ஸ்பீக்கரை மாத்துன. அப்புறம் ஆம்ப்ளிபயரை மாத்துன. இப்பப் பேட்டரியையும் மாத்தச் சொல்லுதானாம் டவுன்ல ஒரு கடைக்காரன். அவன் சொல்லத்தான் செய்வான், அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குல்லா. நாளைக்கு வண்டியவே மாத்தச் சொல்லுவான், அதுக்கடுத்து உன் காதை மாத்தச் சொல்லுவான், நீயும் தலையாட்டுவ. அந்த சீட்டை ஒரு தடவையாவது கழத்திப் பாத்தியாலேன்னு கேட்டா முழிக்க. பர்ஸைத் தொறக்கத் தெரிஞ்ச பயலுக்கு சீட்டைத் தொறக்கத் தெரியல.

என்ன அப்படிப் பாக்க? இந்தக் கெழவனுக்கு புளூடூத்தைப் பத்தி என்ன தெரியும்னா? புளூடூத்து தெரியாதுதான். ஒயரு தெரியும்லே. உங்க அப்பனைப் படிக்க வச்சதே மைக்செட்டு. அகூஜா ஆம்ப்ளிபயர் ஒண்ணு, குழாய் ரெண்டு, ரெக்கார்டு பிளேயர் ஒண்ணு. எல்லாத்தையும் மாட்டுவண்டியில ஏத்திக்கிட்டு ஊர் ஊரா கோயில் கொடைக்குப் போவேன்.

அப்படி ஒரு கொடையில ராத்திரி வில்லுப்பாட்டு. பனை உச்சியில குழாயைக் கட்டியாச்சு. புலவரு கதையை எடுத்து விடுதாரு, சனம் வாயைப் பொளந்து கேக்குது. சரியா அம்மன் வாளை ஓங்குத இடத்துல குழாய் ஊமை. ரெண்டு மூச்சு விடுத நேரம், திரும்ப வந்துருச்சு. கொஞ்ச நேரத்துல திரும்பப் போச்சு. நான் பனையில ஏறுதேன். மேல எல்லாம் இறுக்கமா இருக்கு. எறங்குனா போவுது. மூணு தடவை ஏறி எறங்குனதுல நெஞ்சுத் தோலு உரிஞ்சு போச்சு. "மைக்செட்டுக்காரருக்குப் பனையேறுன கூலியையும் சேத்துக் குடுங்கப்பா"ன்னு ஒருத்தன் எகத்தாளம் பேசுதான். நாலாவது தடவை ஏறத் தெம்பில்லாம ஓரமா உக்காந்து வேடிக்கை பாத்தேன். அப்பத்தான் பிடிபட்டுது. பக்கப்பாட்டுக்காரன் "ஆமா" போடும்போதெல்லாம் உடம்பை ஒரு ஆட்டு ஆட்டுவான். ஆட்டும்போது அவன் முழங்கால் மைக் ஸ்டாண்டுல இடிக்கும். இடிச்சா மைக்குக்கு அடியில பத்து வச்ச ஒயரு விட்டு விட்டுப் பிடிக்கும். கோளாறு இருந்தது முழங்கால் ஒசரத்துல, நான் தேடுனது பனை ஒசரத்துல.

நீயும் அதத்தான் செஞ்சுருக்க. எனக்குத் தோலு போச்சு, உனக்குத் துட்டு போச்சு.

அதனால கேக்கேன், எப்பப் போவுது? "எப்பவாவது தாத்தா"ங்க. எப்பவாவது போறதுன்னு ஒண்ணு கிடையாதுலே. உங்க மாமன் தெருவுல நடந்து போகையில திடீர்னு காணாமப் போவானே, சும்மாவா போறான்? எதுத்தாப்புல கடன் குடுத்தவன் வாறான்னு அர்த்தம். உன் பாட்டும் எதையோ கண்டுதான் ஓடுது.

சாவியைப் போடு. ஸ்டார்ட் பண்ணாத. பாட்டை வை. ஹேண்டிலை வலது பக்கம் முழுசா ஒடி. பாடுது. இடது பக்கம் ஒடி. இன்னுங் கொஞ்சம்... பாத்தியா, ஊமை! நேரா கொண்டா. பாடுது. இன்னொருக்க ஒடி. இன்னொருக்க. மூணு தடவையும் ஒரே இடத்துல போவுதுல்லா? கள்ளன் விலாசம் எழுதிக் குடுத்துட்டான்.

டேங்குக்கு முன்னால, ஹேண்டில் திரும்புத கழுத்துகிட்ட கையை விடு. அழகு பாக்கன்னு செட்டுக்கு சுவிச்சை ஹேண்டில்ல வச்சிருக்க. அதுக்குப் போற ஒயரைக் கழுத்தோட சேத்து, டேக்கு போட்டு நெரிச்சுக் கட்டியிருக்கான் செட்டு மாட்டுனவன். கன்னுக்குட்டியைக் கட்டுனாக்கூட தலையைத் திருப்பக் கயித்துல ரெண்டு சாண் விட்டுத்தாம்லே கட்டுவோம். நாளு முச்சூடும் ஒடிஞ்சு நிமுந்து, ஒடிஞ்சு நிமுந்து அந்த ஒயரு என்னத்துக்கு ஆகும்? மேல உறை பளபளன்னுதான் இருக்கும். கண்ணை நம்பாத, விரலை நம்பு. ரெண்டு கையாலயும் ஒயரைப் பிடிச்சு அங்குலம் அங்குலமா மடக்கிக்கிட்டே போ. நல்ல ஒயரு மடக்குனா எதுத்து நிக்கும். முறிஞ்ச எடம் வேகவச்ச சேமியா மாதிரி தொஞ்சுரும். அந்தா, அங்கதான்! வெட்டு. உள்ள பாரு, செம்பு இழையெல்லாம் பச்சையும் கறுப்புமாப் பொடிஞ்சு கெடக்கு. ரெண்டே ரெண்டு இழை தொட்டுக்கிட்டு நிக்கி. இத்தனை நாளா உன் பாட்டு கழைக்கூத்தாடி மாதிரி இந்த ரெண்டு இழை மேலதான் நடந்து வந்துருக்கு.

ஏய், டேப்பை எங்க எடுக்க? கழுத்துல ஒட்டுப் போட்டா ஒட்டும் சேந்துதான் ஒடியும். சித்திரை வெயிலுக்கு டேப்புல பசை இளகி, பனங்கிழங்குத் தோலு மாதிரி தனியாக் கழண்டு தொங்கும். முழு ஒயரையும் புதுசா இழு. கழுத்துகிட்ட ஒரு வளைவு விடு. ரெண்டு பக்கமும் முட்ட ஒடிச்சுப் பாத்துட்டு அப்புறம் கட்டு.

அதுக்குள்ள சந்தோசத்தைப் பாரு. கள்ளன் ஒருத்தன்தான்னு எவன் சொன்னான்? இப்ப ஸ்டார்ட் பண்ணு. பாட்டைக் கூட்டி வை. ஆரன் அடி. போச்சா? இன்டிகேட்டரைப் போடு. அது கண்ணடிக்கயில உன் பாட்டும் சேந்து கண்ணடிக்கு. யாரைப் பாத்துலே கண்ணடிக்கு, நம்ம தெருவுல?

எர்த்தைக் காட்டு. சீட்டுக்கு அடியில சேசிஸ்ல ஒரு போல்ட்டுல பிடிச்சுருக்கான். அடடா, என்ன வேலைப்பாடு! பெயிண்டு மேலயே லக்கை வச்சு முடுக்கியிருக்கான். பெயிண்டுல கரண்டு போகுமா? போல்ட்டு மரை வழியா ஏதோ கொஞ்சம் கசியுது. அதுவும் ரெண்டு மழை நனைஞ்சதுல துரு. தோட்டத்துக்குத் தண்ணி பாச்சுதவன் வாய்க்காலை மட்டும் பாப்பானா? வடிகால் அடைச்சுக் கெடந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? ப்ளஸ் ஒயரை மட்டும் செவப்புத் துணி கட்டி செல்லம் கொஞ்சுதீங்க. மைனசை மூத்தாள் பிள்ளை மாதிரி விட்டுருதீங்க.

உங்க சித்தப்பன் மல்டிமீட்டரை எடுத்துட்டு வா. டிசி 20 வோல்ட்டுல வை. கறுப்புக் கம்பியை பேட்டரி மைனஸ்ல வை, செவப்பை ஆம்ப்ளிபயரோட எர்த்துல வை. "ரெண்டும் மைனஸ்தான தாத்தா, என்னத்தக் காட்டப் போவுது"ங்க. ஒண்ணுங் காட்டக் கூடாது, அதான் பரீட்சை. பாட்டு சத்தமா ஓடும்போது பாக்கணும், சும்மா கெடக்கயில பாத்தா யோக்கியன் மாதிரி பூச்சியந்தான் காட்டும். என்ன வருது? 1.1 வோல்ட்டா? பாயிண்ட் ஒண்ணு, பாயிண்ட் ரெண்டுன்னா மன்னிச்சு விடலாம். கால் ஓம் தடை இருந்தாப் போதும்லே, 4 ஆம்பியர் ஓடயில ஒரு வோல்ட்டை முழுங்கிட்டு ஏப்பம் விட்டுரும்.

வண்டி நல்லா ஓடயில பேட்டரிக்கு 14 வோல்ட்டு பக்கம் வரும். ஸ்லோவுல நிக்கயில அவ்வளவு வராது. 2017 ஏப்ரலுக்குப் பொறவு வந்த வண்டிக்கெல்லாம் பட்டப்பகல்லயும் ஹெட்லைட்டு எரியணும்னு சட்டம். அது வேற ஒரு பக்கம் தின்னுக்கிட்டே இருக்கு. இதுல எர்த்தும் ஒரு வோல்ட்டைக் களவாண்டா, ஆரன் அடிக்கயில ஆம்ப்ளிபயர் மயக்கம் போடாம என்ன செய்யும்?

பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு. லக்கைக் கழத்து. உப்புத்தாளைப் போட்டு, வெள்ளிக்காசு மாதிரி மினுங்குத வரைக்கும் தேய். எங்கிட்டக் கேட்டா, இந்த போல்ட்டே வேண்டாம்பேன். தடிச்ச ஒயரா ஒண்ணு எடுத்து நேரா பேட்டரி மைனசுக்கே கொண்டு போயிரு. முடுக்குன பொறவு மேல கொஞ்சம் வாசலின் தடவு, மழைத்தண்ணி அண்டாது. ஆச்சி அலமாரில இருக்கும். கேக்காம எடு, கேட்டா தர மாட்டா.

பேட்டரியை மாத்தச் சொன்னான்லா, அதையும் பாத்துருவோம். வண்டியை அமத்திட்டுக் கொஞ்ச நேரங் கழிச்சு மீட்டரை வை. 12.6 காட்டுது. செல்ப்பும் தட்டுன உடனே பிடிக்கி. இதை எதுக்குலே மாத்தணும், அதுக்குக் கல்யாணமா ஆகப் போவுது?

சரி, அந்த ஆம்ப்ளிபயர் டப்பாவுல என்ன போட்டுருக்கு, வாசி. 500 வாட்ஸா? நீ பாலிடெக்னிக் படிச்சவந்தான, 500-ஐ 12-ஆல வகு. 41 ஆம்பியரைத் தாண்டுது. உன் பேட்டரியில போட்டுருக்கது 4 ஆம்பியர் அவர். டப்பா நெசம் சொல்லுதுன்னா ஆறு நிமிசத்துல பேட்டரிக்கு சங்கு ஊதிரலாம். 12 வோல்ட்டுல, 4 ஓம் ஸ்பீக்கருக்கு, வோல்ட்டை ஏத்திக் குடுக்குத சர்க்கியூட்டு உள்ள இல்லாத ஆம்ப்ளிபயர், கணக்குப்படி 18 வாட்டுக்கு மேல சுத்தமாக் குடுக்க முடியாது. ரெண்டு ஸ்பீக்கருக்கு 36. மீதி 464 வாட்டு டப்பா அச்சடிச்சவன் வச்ச மொய்.

அந்த 36 வாட்டுக்கே அது கொதிக்கி, தொட்டுப் பாரு. அடப் பாவி, இது என்ன, பஞ்சு? அதிருதுன்னு ஸ்பாஞ்சு வச்சு சுத்துனியா? நல்ல வேளை, கம்பளி போத்தல. அரை மணி நேரம் ஓடுனா போவுது, நின்னு டீ குடிச்சுட்டு வந்தா வந்துருதுல்லா, அந்தக் குளறுபடி இதுதான். சூடு ஏறுனா சிப்பு தன்னைக் காப்பாத்திக்கிட வாயை மூடிரும், ஆறுனா தொறக்கும். உனக்கு அந்தப் புத்தி இல்லையேன்னுதான் எனக்கு வருத்தம். பஞ்சை உருவிப் போட்டுட்டு, காத்து படுத எடத்துல ரப்பர் வாசரு வச்சு மாட்டு.

மத்ததெல்லாம் சில்லறை. ஒரு பக்கம் மட்டும் சத்தம் போனா ரெண்டு ஸ்பீக்கர் ஒயரையும் எடம் மாத்திப் போடு. ஊமை அடுத்த பக்கம் போனா ஸ்பீக்கர் மேல பழியில்ல. ஸ்பீக்கர் ஒயரு எதுவும் சேசிஸ்ல ஒரசி உறை கிழிஞ்சு நிக்கான்னு பாரு. இந்த மாதிரி செட்டுல ஸ்பீக்கர் மைனசு கூட பாடியில படக் கூடாது, பட்டா ஆம்ப்ளிபயரு அடைச்சுக்கிடும். பாட்டு முழுசாப் போகாம விக்கி விக்கி வந்தா பென்டிரைவைக் குத்திப் பாரு. அதுல ஒழுங்காப் பாடுனா ஒயருல குத்தமில்ல, போனுல இருக்கு. போனைப் பின்பக்கப் பையில வச்சு மேல உக்காந்துருக்க. உன் ஒடம்பைத் தாண்டி புளூடூத்து வரணும்லா? ஆச்சி போடுத சோத்துக்கு அது லேசுப்பட்ட காரியமா?

கடைசியா, பியூஸ் எங்கலே? இல்லையா? பேட்டரி ப்ளஸ்லருந்து நேரா இழுத்து விட்டுருக்கானா? கழுத்துல முறிஞ்ச அந்த ஒயரு பாடியில பட்டுருந்தா, நீ உக்காந்துருக்க எடத்துக்கு அடியில கார்த்திகை சொக்கப்பனை கொளுத்திருப்ப. பெட்ரோல் டேங்கு வேற பக்கத்துல. பேட்டரி ப்ளஸ்லருந்து ஒரு சாணுக்குள்ள பியூஸ் ஹோல்டரு போடு. 10 ஆம்பியர் போதும். கையால இழுத்தா இறுக்கமா நிக்கணும். ஹோல்டரு காலு லூசா இருந்தா, குழிக்கு குழி பாட்டு எகிறும், நீ மறுபடியும் ஸ்பீக்கர் வாங்கப் போயிருவ.

எல்லாம் முடிஞ்சுதா? இடது பக்கம் ஒடி. பாடுது. ஆரன் அடி. பாடுது. சிரிப்பப் பாரு பயலுக்கு.

இப்ப என் கூலியைப் பேசுவோம். ராத்திரி 10 மணியிலருந்து காலைல 6 மணி வரைக்கும் வெளிய ஒலிபெருக்கி போடக் கூடாதுன்னு 2000-த்துல சட்டம் வந்துச்சு. விடிய விடிய வில்லுப்பாட்டுக்கு மைக்செட்டு கட்டுன என் பொழப்புல பாதி அதுல போச்சு. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். அதனால பத்து மணிக்கு மேல பாட்டு வரலேன்னா சீட்டைக் கழத்தாத, கழுத்து ஒயரை மடக்காத, டவுனுக்கு ஓடாத. பியூஸ் என் வெத்தலைப் பெட்டியில இருக்கும். காலைல ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கோ. வாறப்ப ஒரு கவுளி கொழுந்து வெத்தலை வாங்கிட்டு வா.