கரண்டுக்கு வந்த சாட்சி

கோயம்புத்தூர் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நான் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்த காலத்தில், கரண்டைக் கண்காணிப்பது என்றால் பேனல் ரூமில் நின்று மீட்டர் பார்ப்பதுதான். மணிக்கு ஒருமுறை வோல்டேஜ், ஆம்பியர், ஃப்ரீக்வென்சி மூன்றையும் லாக் புத்தகத்தில் எழுதி வைப்போம். ஃப்ரீக்வென்சி மீட்டரில் முள் கிடையாது. வரிசையாகச் சின்னச் சின்ன எஃகு நாக்குகள் இருக்கும். எது பலமாக அதிர்கிறதோ அதுதான் அளவு. 50-க்கு நேரே இருப்பது துடிக்க வேண்டும். 1990களில் பல நாள் மாலையில் அது அசையாமல் இருக்க, 49-க்கும் கீழே உள்ளவை துடித்துக்கொண்டிருக்கும். ஃப்ரீக்வென்சி இறங்கினால் மோட்டாரின் வேகம் இறங்கும், கதிர் மெதுவாகச் சுற்றும், ஷிஃப்டின் உற்பத்தி குறையும்.

அதுவாவது கண்ணுக்குத் தெரிந்த குறை. எங்களை வதைத்தது தெரியாத குறை. பத்து மணிக்கு 410 வோல்ட், பதினொரு மணிக்கு 412 என்று லாக் புத்தகம் ஒழுங்காக இருக்கும். நடுவில் ஒரு நேரம் விளக்கு லேசாகச் சிமிட்டியிருக்கும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் ஒருசேர நின்றிருக்கும். நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்து தொங்க, பெண்கள் ஓடி ஓடி ஒட்டுவார்கள். மேலிருந்து வருகிறவரின் முதல் கேள்வி, "எவம்ப்பா சுவிட்சுல கை வெச்சது?" சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டால், "உங்க ஃபீடர் டிரிப்பே ஆகலீங்களே" என்பார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். புத்தகத்திலும் குற்றம் இல்லை, லைனிலும் குற்றம் இல்லை. மிச்சம் இருப்பது ஆள்தான். என்னோடு வேலை பார்த்த ஒரு பையன், தொடாத சுவிட்சுக்காக மெமோ வாங்கினான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்தது என்னவென்று இன்று தெளிவாகச் சொல்ல முடிகிறது. அதே சப்ஸ்டேஷனிலிருந்து போகும் வேறொரு ஃபீடரில் மரக்கிளை உரசினால், அங்கே பிரேக்கர் விழும்வரை எல்லா ஃபீடரிலும் வோல்டேஜ் சரியும். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். வோல்டேஜ் பாதிக்குக் கீழே போனால் மோட்டாரைக் கரண்டோடு இணைக்கும் கான்டாக்டர் விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. இப்போதுள்ள பவர் குவாலிட்டி மீட்டர் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் வோல்டேஜைக் கணக்கிடுகிறது. சரிவு தொடங்கிய நேரம், ஆழம், நீளம், அலையின் வடிவம் எல்லாவற்றையும் ஜி.பி.எஸ். நேரத்தோடு பதிகிறது. அடுத்த நிமிடம் போனுக்குச் செய்தி வருகிறது. சப்ஸ்டேஷன் பதிவையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு நேரமும் பொருந்திவிடும். மெமோவுக்கு அங்கே வேலை இல்லை.

ஃப்ரீக்வென்சியும் மாறிவிட்டது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்புகளோடு ஒன்றாக இணைந்தது. இப்போது 49.90 முதல் 50.05 வரைதான் வரம்பு. அந்த எஃகு நாக்குகளின் பரபரப்பைப் புதிய பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

ஆனால் அன்று இல்லாத நோய் ஒன்று இன்று உள்ளேயே பிறக்கிறது. கரண்டை மிச்சம் பிடிக்க மோட்டார்களுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் போட்டோம். டிரைவ் கரண்டைச் சீரான அலையாக இழுக்காமல் துண்டு துண்டாக இழுக்கிறது. 250, 350 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்ஸ் கிளம்புகிறது. பவர் ஃபேக்டருக்காக வைத்த கெபாசிட்டர் அதை உறிஞ்சிச் சூடாகி, உப்பி, வெடிக்கிறது. முன்பானால் சரக்கு மட்டம் என்று சொல்லிப் புதிது மாட்டியிருப்போம். இப்போது மீட்டர் நம் டிரைவையே காட்டுகிறது. ஃபில்டரும் ரியாக்டரும் போடுகிறோம். பிறர் குற்றத்தோடு தன் குற்றத்தையும் காட்டும் சாட்சி என்பதால்தான் அதை நம்புகிறேன்.

இந்தச் சாட்சி பெரிய ஆலைகளோடு நின்றுவிடக் கூடாது. சோமனூர் விசைத்தறிக்காரருக்கும், லைனின் கடைக்கோடியில் பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயிக்கும்தான் அது அதிகம் தேவை. வோல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிவிடும். சுமையை இழுக்க அது கூடுதல் ஆம்பியர் எடுக்கும், காயில் கருகும். அவருக்குக் கிடைக்கும் பதில், "மோட்டார் மட்டங்க" என்பதுதான். நாடெங்கும் வந்துகொண்டிருக்கும் ஸ்மார்ட் மீட்டரால் வோல்டேஜையும் நேரவாரியாகப் பதிய முடியும். யூனிட் கணக்குப் போவதுபோல அந்த வோல்டேஜ் கணக்கும் மாதாமாதம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். காயில் கட்டும் கூலி யார் தலையில் விழ வேண்டும் என்று அவர் கணக்கைக் காட்டிப் பேசட்டும்.